டிரவுட் பெட்டியோடு புளூகில் குளத்துக்கு

டெட்ராய்ட்டுக்கு மேற்கே குடியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். மூன்று வருடமாக மிச்சிகனின் ஆசாபிள் ஆற்றுக்கு டிரவுட் மீன் பிடிக்கப் போய்வருகிறார். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த செயற்கை ஈக்கள் நாற்பதுக்கு மேல் பெட்டியில் சேர்ந்துவிட்டன. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு குளம் இருப்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார். குளம் நிறையப் புளூகில் மீன். “அண்ணா, இதற்கென்று தனியாக ஈ வாங்க வேண்டுமா, இருப்பதே போதுமா?”

போதும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது பாதிப் பதில் என்று உறைத்தது.

கடிக்குமா என்பது இங்கே கேள்வியே அல்ல. புளூகில் கடிக்கும். நீரில் எது விழுந்தாலும் வந்து பார்க்கிற சுபாவம் அதற்கு. 1960இல் சிகாகோ மேயர், ஜப்பானின் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிடோவுக்குச் சில புளூகில்களைப் பரிசாகக் கொடுத்தார். கடல் தாண்டிய மீன் பீவா ஏரி வரை பரவி உள்ளூர் மீன்களுக்கு எமனாகிவிட்டது. 2007இல், பேரரசராக இருந்த அதே அகிஹிடோ அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட வயிறு. எனவே கேட்க வேண்டியவை வேறு. கடித்த மீனை உயிரோடு திருப்பி விட முடியுமா? பத்து மீனுக்குப் பிறகும் ஈ ஈயாக இருக்குமா? விரற்கடை அளவுக் குட்டிகளைத் தாண்டிப் பெரிய மீனிடம் போய்ச் சேருமா? டிரவுட் பெட்டியையும், குளத்து மீனுக்கென்றே செய்த ஃபோம் சிலந்தி, இழுத்தால் நீர்மேல் சத்தமிடும் பாப்பர் வகைகளையும் இந்த மூன்றை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

புளூகில்லைப் பார்த்திராதவர்களுக்கு: நம் ஊர் ஜிலேபிக் கெண்டையைச் சிறிதாக்கி, செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கறுப்பு மடலை ஒட்டிவிட்டால் ஏறக்குறைய புளூகில்தான். ஆண் மீன் கரையோரத் தரையில் வட்டமாகப் பள்ளம் பறிக்கும் வழக்கம்கூட அதேபோல. பம்ப்கின்சீட், ரெட்இயர், க்ராப்பி, மஞ்சள் பெர்ச் எல்லாவற்றையும் சேர்த்து, வறுக்கும் சட்டிக்குள் முழுதாக அடங்கும் மீன்கள் என்ற கணக்கில் அமெரிக்கர்கள் பான்ஃபிஷ் என்கிறார்கள். உடம்பு தட்டு மாதிரி இருந்தாலும் புளூகில்லின் வாய் மிகச் சின்னது. எட்டு அங்குல மீனின் வாய்க்குள் என் சுண்டு விரல் நுனிதான் நுழைகிறது. அது இரையைக் கவ்வுவதில்லை. வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடுகிறது.

ஆற்று டிரவுட்டின் நிலைமை வேறு. ஓட்டம் இரையைக் கொண்டுவந்து மூக்கருகே தள்ளுகிறது. எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய அதற்கு ஒன்றிரண்டு நொடிதான். அதனால் டிரவுட் ஈயைக் கட்டியவர்கள் அது ஓட்டத்தோடு இயல்பாக மிதந்துபோக வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தார்கள். அசைவை ஆறே கொடுத்துவிடும். குளத்தில் அப்படி யாரும் கொடுப்பதில்லை. ஈ விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. புளூகில் நிதானமாக வந்து, இரண்டு அங்குலத் தொலைவில் பிரேக் போட்ட மாதிரி நின்று, பெண் பார்க்க வந்த மாமியார் போல மேலும் கீழும் பார்க்கிறது. நிறம் சரியா, வால் மூன்றிழையா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. உயிர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஆகவே டிரவுட் பெட்டியைத் திறந்ததும் ஒவ்வோர் ஈயிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: நான் இழுக்காமல் சும்மா இருந்தாலும் நீ அசைவாயா?

அந்தக் கேள்விக்குப் பெட்டியில் பாதி ஊமையாகிவிடும். மீதிப் பாதியிலும் அளவு என்ற இன்னொரு சல்லடை இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத்தக்கது அல்ல.

முள்ளின் எண் ஏற ஏற அளவு குறையும். 10ஐவிட 16 சிறியது. வாய் சின்ன மீனுக்கு முள்ளும் சின்னதாக இருக்கட்டும் என்று முதல் கோடையில் 16ஆம் எண் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்பை, அதாவது நீருக்கடியில் வாழும் பூச்சிக் குஞ்சு போலச் செய்த ஈயை, கட்டிக்கொண்டு போனேன். மிதக்கும் தக்கை அசையவே இல்லை. கோலைத் தூக்கினால் மீன் இருக்கிறது. எத்தனை நேரமாக இருந்ததோ தெரியாது. வாயைத் திறந்து பார்த்தால் ஈயைக் காணோம். தூண்டில் நரம்பு மட்டும் தொண்டைக்குள் இறங்கிப் போகிறது. செவுளுக்கு அருகே இருண்ட பள்ளத்தில், ஈயில் சுற்றிய செம்புக் கம்பியின் மினுக்கு ஒன்று. விரல் எட்டவில்லை. குறட்டைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நரம்பை வெட்டி மீனை விட்டேன். அது பக்கவாட்டில் சாய்ந்தபடியே அல்லி இலைகளுக்கு அடியில் போயிற்று. அன்று மாலை அப்படி மூன்று மீன்கள். சிறிய முள் மீனுக்கு இரக்கம் காட்டும் என்று நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. உறிஞ்சும் மீனுக்குச் சிறிய முள் தொண்டைக்குள் போகும் வழியை எளிதாக்கிவிடுகிறது.

12, 10 என்று பெரிய முள்ளுக்கு ஏறினால் கதை மாறுகிறது. முள் உதட்டோரத்திலேயே மாட்டுகிறது; விரலாலேயே கழற்றிவிடலாம். விரற்கடை அளவுக் குட்டிகள் கடிக்க முயன்று தோற்றுப் போவது கூடுதல் லாபம். எனவே டிரவுட் பெட்டியில் 14ஆம் எண்ணைவிடச் சிறிய எதையும் நான் குளத்துக்குக் கொண்டுபோவதில்லை. ஜீப்ரா மிட்ஜ் போன்ற 18, 20ஆம் எண் துணுக்குகள் ஆற்றில் பொன்னாக இருக்கலாம். இங்கே அவை தொண்டை முள்கள். முள்நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கொடுக்கைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும் என்பது எந்த ஈக்கும் பொது.

இப்போது இளைஞர்களுக்கு மிகப் பிரியமான மிதக்கும் ஈக்கள். மிச்சிகன்காரர்கள் ஆடம்ஸ் ஈயைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் உயரும். 1922இல் மேஃபீல்டு என்ற சிற்றூரில் லென் ஹாலடே கட்டியது. போர்டுமன் ஆற்றில் அதை முதலில் வீசிய நண்பர் சார்லஸ் ஆடம்ஸின் பெயரையே வைத்துவிட்டார். உலகம் முழுக்க டிரவுட் பெட்டிகளில் அது இருக்கிறது. அதைப் புளூகில்லுக்கு வீசினால் என்ன ஆகும்? முதல் வீச்சிலேயே மீன் விழும். பிறகு நடப்பதைப் பாருங்கள். முதல் மீனின் கோழை கழுத்திறகில் ஒட்டி, இறகிழைகள் ஈரத் தலைமயிர் போல ஒன்றோடொன்று படிந்துவிடுகின்றன. தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, உலர்த்தும் பொடியில் குலுக்கினால் மறுபடி மிதக்கிறது. இரண்டாவது மீனுக்கும் அதே வைத்தியம். புளூகில்லுக்குப் பொடிப் பற்கள் உண்டு. மூன்றாவது, நான்காவது மீனுக்குள் கழுத்திறகின் தண்டு அறுந்து சுருள் பிரிகிறது. ஐந்தாவதில் வால் இல்லை. ஆற்றில் ஒரு மாலைக்கு இரண்டு மூன்று டிரவுட் கிடைத்தால் பாக்கியம். அந்தக் கணக்குக்குக் கட்டப்பட்ட பொருள் இது. குளத்தில் ஒரு மணி நேரத்தில் இருபது மீன் வரும். கடையில் நல்ல மிதக்கும் ஈ ஒன்று மூன்று டாலரைத் தொடுகிறது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்று நடப் போவது போலத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. காற்று செத்த மாலையில் சிறு பூச்சிகள் நீர்மேல் இறங்கும்போது பெரிய புளூகில்கள் சத்தமில்லாமல் மேல்மட்டத்தில் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த அரை மணி நேரம் ஃபோம் சிலந்தி பொத்தென்று விழுந்தால் அவை விலகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது 12ஆம் எண் எல்க் ஹேர் கேடிஸ்தான் என் தேர்வு. மான்மயிர்ச் சிறகு கோழையைக் கொஞ்சம் தாங்கும், மெதுவாக இறங்கும். ஆனால் அரை மணி நேரம்தான்.

டிரவுட் பெட்டியின் உண்மையான சொத்து நீருக்கு அடியில் போகும் ஈக்கள். 10, 12ஆம் எண் ஹேர்ஸ் இயர் நிம்ஃப் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் புளூகில் பிடிக்கச் சொன்னால் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். முயல் மயிர் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருப்பதால் சும்மா கிடந்தாலும் மூச்சுவிடுவது போலத் தெரியும். மீன் பற்கள் இன்னும் பிசிறாக்கினால் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. கவுதாரி இறகைக் கழுத்தில் இரண்டு சுற்று மட்டும் சுற்றிய பழைய பாணி ஈக்களும் அப்படித்தான். எடை இல்லாததால் இலை விழுவது போல மெல்ல இறங்கும், இறகு தானே திறந்து மூடும். ஆற்றில் இவற்றை யாரும் இப்போது அதிகம் மதிப்பதில்லை. தம்பியின் பெட்டியில் இரண்டு தூசி படிந்து கிடந்தன. யாரோ பரிசாகக் கொடுத்தார்களாம்.

வுல்லி பக்கரும் வரும். 1967இல் பென்சில்வேனியாவின் ரஸ்ஸல் பிளெஸிங் கட்டிய இந்த ஈ எதைப் போலவும் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் போலவும் இருக்கிறது. அட்டை, தட்டான் குஞ்சு, குட்டி மீன் என்று மீன் தன் பசிக்கேற்பப் பொருள் கொள்ளலாம். ஒரு திருத்தம் மட்டும் தேவை. டிரவுட்டுக்குக் கட்டியதில் மராபூ இறகு வால் முள் அளவுக்கு நீண்டிருக்கும். புளூகில் அந்த வாலைப் பிடித்து இழுத்துவிட்டுப் போய்விடும். டக் டக் என்று கையில் தட்டும், ஒன்றும் மாட்டாது. நகத்தால் வாலைப் பாதிக்குக் கிள்ளி எறிந்தால் சரியாகிவிடும். கத்தரியால் வெட்டினால் நுனி கட்டையாகி அசைவு போய்விடுகிறது, கிள்ளத்தான் வேண்டும்.

ஜூன் கடைசியில் ஆசாபிள் ஆற்றங்கரையில் நள்ளிரவு வரை ஆட்களை நிறுத்திவைக்கும் ஹெக்ஸ் என்ற, ஈசல் போன்ற பெரிய மேஃப்ளைப் பூச்சியின் குஞ்சு ஏரிச் சேற்றிலும் வளைதோண்டி வாழ்கிறது. எங்கள் மாநிலத் தூண்டில் கடைகளில் அதை விக்லர் என்ற பெயரில் உயிரோடு விற்கிறார்கள். பனிக்கட்டியில் துளையிட்டுப் புளூகில் பிடிப்பவர்கள் வாங்கிப் போகிறார்கள். அப்படியிருக்க, டிரவுட்டுக்கென்று கட்டிய 8ஆம் எண் ஹெக்ஸ் நிம்ஃப்பைக் குளத்தில் வீச இங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. பெரிய புளூகில்லுக்கு எனக்குத் தெரிந்து இதற்கு மிஞ்சியது இல்லை. டிரவுட் ஈ, பான்ஃபிஷ் ஈ என்று கடைக்காரர் அலமாரியில் பிரித்து வைத்திருப்பதை நம் மூளையும் அப்படியே நம்பிவிடுகிறது.

இனி எதிர்க்கட்சி. ஃபோம் சிலந்தி என்பது 10ஆம் எண் முள்ளில் ஒரு ஃபோம் துண்டு, இருபுறமும் இரண்டிரண்டு ரப்பர் கால். அவ்வளவே. வீசுங்கள், விழட்டும். வளையங்கள் அடங்கும் வரை எதுவும் செய்யாதீர்கள். மீன் வந்து கீழே நிற்பது நிழலாகத் தெரியும். இப்போது இழுத்தால் போய்விடும். இழுக்காமல் இருந்தால், நரம்பு வழியாக உங்கள் கைநடுக்கமே போதும், ரப்பர் கால்கள் ஒரு மயிரிழை துடிக்கும். முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம், சிலந்தியைக் காணோம். ஐம்பது மீனுக்குப் பிறகும் அது மிதக்கும். கால் ஒன்று போனாலும் மற்றவை இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம், ஏனென்றால் கடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டில் கட்டினால் செலவு சில்லறைக் காசுதான். பழைய ஹவாய் செருப்பை நறுக்கி ஒருமுறை கட்டிப் பார்த்தேன். மிதந்தது. ஆனால் எடையால், கிணற்றில் கல் விழுந்தது போலச் சத்தமும் வந்தது. கைவினைக் கடையில் விற்கும் மெல்லிய ஃபோம் தாளே உத்தமம்.

பான்ஃபிஷுக்கென்றே விற்பதாலேயே பொருத்தமானது என்று நம்பிவிடக் கூடாது. மலிவான பாப்பர் பொட்டலங்களில் பாதி 4, 6ஆம் எண் முள்ளில் வருகிறது. புளூகில் அதைத் தட்டும், முட்டும், தண்ணீரைத் தெறிக்கவிடும், வாய்க்குள் மட்டும் போகாது. வேறு சிலவற்றில் முள் சரியான அளவு, ஆனால் ஃபோம் உடம்பு பருத்து முள்ளின் வளைவை அடைத்துக்கொண்டிருக்கும். மீன் வாயை மூடினாலும் நுனி எதையும் தொடாது. வாங்குமுன் உடம்புக்கும் முள்நுனிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையுமா என்று பார்க்கிறேன். நுழையாவிட்டால் விட்டுவிடுகிறேன். ஃபோமின் பெரிய குறை இன்னொன்று: மேல்மட்டத்தைத் தாண்டி அதனால் ஓர் அங்குலம்கூட இறங்க முடியாது.

ஆகையால் நாள்காட்டியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏப்ரலில் பனி உருகிய பின் நீர் 10 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கையில் மீன்கள் சோம்பிக் கிடக்கும், மேலே வராது. தக்கைக்குக் கீழே மூன்று அடியில் நிம்ஃப்பைத் தொங்கவிட்டுச் சும்மா இருப்பதுதான் வழி. முழுக்க டிரவுட் பெட்டியின் பருவம். மே கடைசியில் நீர் 20 டிகிரியை நெருங்கும்போது கரையோர மணலில் தட்டுத் தட்டாகக் கூடுகள் தென்படும். அப்போது எதை வீசினாலும் விழும் என்பதால் ஃபோமே வசதி. ஆனால் கூட்டைக் காவல் காக்கும் பெரிய ஆண்களைச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். அவை போனால் முட்டையையும் குஞ்சையும் மற்ற மீன்கள் நிமிடங்களில் காலி செய்துவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் ஒரு வேடிக்கை. அதே 20 டிகிரியை ஆற்று நீர் தொட்டுவிட்டால் டிரவுட் மூச்சுத் திணறத் தொடங்கும். பிடித்து விட்டாலும் பிழைப்பது கடினம் என்பதால் பொறுப்பானவர்கள் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள். டிரவுட் பெட்டி அலமாரியில் தூங்கும் காலத்தில்தான் குளம் உச்சத்தில் இருக்கிறது. பகலில் பெரிய புளூகில்கள் பாசி விளிம்புக்கு வெளியே எட்டு, பத்து அடி ஆழத்துக்குப் போய்விடும். அங்கே தலையில் பித்தளை மணி கோத்த 12ஆம் எண் நிம்ஃப்பை எண்ணி எண்ணி இறக்கி, விரலால் சுருட்டுவது போல மெதுவாக இழுத்தால் வரும். பொழுது சாயும்போது அவை மேலே ஏறிவரும், சிலந்திக்கு வேலை வரும்.

மற்ற மீன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. க்ராப்பி குட்டி மீன் தின்னி. அதற்கு வாலோடு கூடிய வுல்லி பக்கர், கிள்ள வேண்டாம். உதடு காகிதம் போல, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். தெற்கு மிச்சிகனின் சில ஏரிகளில் இருக்கும் ரெட்இயர், தொண்டைப் பற்களால் நத்தை உடைத்துத் தின்பது. மேலே மிதக்கும் எதையும் அது ஏறெடுத்துப் பார்ப்பது அரிது, தரையோடு ஊரும் நிம்ஃப் வேண்டும். பெர்ச் எதற்கும் வரும்.

ஒன்றை டிரவுட்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆற்றுப் பழக்கத்தில் நுனி நரம்பு மிக மெல்லிய 6எக்ஸ் போட்டிருப்பார்கள். சிலந்தியின் கால்கள் காற்றில் விசிறி போலச் சுழன்று, பத்து வீச்சுக்குள் அந்த மெல்லிய நரம்பைத் தொலைபேசி வயர் போல முறுக்கிவிடும். அதைவிடத் தடித்த 4எக்ஸுக்கு மாறுங்கள். புளூகில் நரம்பைப் பார்த்து மிரளுகிற மீன் அல்ல. பாசிக்குள் நுழைந்தாலும் இழுத்து வரலாம். கோல் மாற்ற வேண்டாம், டிரவுட்டுக்கு வைத்திருக்கும் 4 அல்லது 5ஆம் எண் கோலே தாராளம்.

தம்பியை மறுபடி அழைத்து, பெட்டியைத் திறந்துகொண்டு உட்காரச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் பெயரும் எண்ணும் படித்தார். நாற்பத்து மூன்றில் பதினொன்று தேறின: நான்கு ஹேர்ஸ் இயர், மூன்று வுல்லி பக்கர், தூசி படிந்த அந்தக் கவுதாரி இறகு இரண்டு, ஒரு கேடிஸ், போன வருடம் இருட்டில் மரக்கிளையில் தொலைத்தது போக மிஞ்சிய ஒரு ஹெக்ஸ் நிம்ஃப். ஆடம்ஸ் ஆறு இருந்தன, அவற்றைக் காரில்கூட வைக்காதே என்றேன். கடைக்குப் போய் 10ஆம் எண் ஃபோம் சிலந்தி ஆறு, கறுப்பு மூன்று மஞ்சள் மூன்று, ஒரு நீள்மூக்குக் குறடு வாங்கச் சொன்னேன்.

சனிக்கிழமை மாலை ஒரு படம் அனுப்பியிருந்தார். உள்ளங்கையை மறைக்கும் அகலத்தில் புளூகில், உதட்டோரம் கறுப்புச் சிலந்தி, கால் மூன்றுதான் பாக்கி. குறடு எங்கே என்று கேட்டேன். காரில் இருக்கிறதாம்.